காத்தாயிக்குக் கால் பொருந்தவில்லை

காத்தாயி என்ற முள்ளம்பன்றி தோண்டினால்தான் அந்தக் காட்டுக்குச் சித்திரையில் தண்ணீர்.

காட்டின் நடுவில் ஒரு குளம் உண்டு. பங்குனியிலேயே அது வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்போது காத்தாயி வருவாள். நடுக்குளத்தில் மோப்பம் பிடிப்பாள். ஓர் இடத்தில் நின்று முன்னங்கால்களால் பறிக்க ஆரம்பிப்பாள். மண், சரளை, மறுபடி மண். நாலு நாள் விடாமல் தோண்டினால் ஊற்று சுரக்கும். பத்து நாளைக்கு ஒரு தரம் மணல் சரிந்து ஊற்று தூர்ந்துபோகும். திரும்பவும் அவளே இறங்கித் தூர் வாருவாள். ஐந்து வருடமாக இப்படித்தான். யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை. அவளுக்கும் தாகம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஊற்றைச் சுற்றி இலந்தை முள்வேலி. வேலி வாசலில் கருமலை என்ற காட்டெருமை காவல். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை தண்ணீர் என்பது காட்டு வழக்கம். கருமலைக்கு எல்லோருடைய முகமும் தெரியும். "நீ காலையில வந்துட்டுப் போயிட்டியே, போ போ" என்று திருப்பி அனுப்புவான். நல்லவன்தான். ஆனால் அவனுடைய மச்சான் வந்தால் மட்டும் கருமலைக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பான். மச்சான் மூன்று வேளை குடிப்பான்.

"இது என்ன நியாயம்?" என்று நரி கேட்டது. மான் கேட்டது. வாயே திறக்காத முயல்கூடக் கேட்டது. அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை.

இந்தச் சமயம் பார்த்து, போன மாசியில், ஒரு கொண்டலாத்திப் பறவை அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. தலையில் விசிறிக் கொண்டை. நீள மூக்கு. ஓர் அடி எடுத்து வைத்தால் ஒரு தலையாட்டல். பேசுகிற பேச்சில் பாதி யாருக்கும் புரியாது. புரியாத காரணத்தால் எல்லோரும் அவரைக் 'கொண்டலார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

கொண்டலார் கூட்டம் போட்டார்.

"கருமலையை நான் குறை சொல்ல மாட்டேன். குற்றம் அவருடையது அல்ல, அவருடைய கண்ணுடையது. கண் இருந்தால் மச்சான் தெரிவான். மச்சான் தெரிந்தால் ஓரவஞ்சனை வரும். ஆகவே, கண்ணே இல்லாத ஓர் ஏற்பாட்டை உங்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறேன்!"

அந்த ஏற்பாடு வேறொன்றும் இல்லை, கறையான். வேலைக்காரக் கறையானுக்குக் கண் கிடையாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான கறையான்கள் எச்சில் குழைத்து மண் பலகைகள் செய்யும். ஒவ்வொரு விலங்கும் ஒரு பலகையில் முன்னங்காலைப் பதிக்க வேண்டும். அது காய்ந்தால் அந்த விலங்கின் பதிவு. பிறகு தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் வாசலில் உள்ள ஈரமண்ணில் காலை வைக்க வேண்டும். கறையான்கள் அந்தத் தடத்தில் ஓடும், பதிவிலும் ஓடும். ரேகைக்கு ரேகை, மேட்டுக்கு மேடு தடவிப் பார்க்கும். சரியாக இருந்தால் தத்தன் என்ற தவளை பதிவுக்காரரின் பேரைச் சொல்லி "பொருந்துகிறது!" என்று கத்துவான். இல்லாவிட்டால் "பொருந்தவில்லை!" என்பான். தத்தனுக்கு இந்த இரண்டு வார்த்தை போதும் என்று கொண்டலார் சொல்லிவிட்டார். தத்தனுக்கும் அதற்கு மேல் வராது.

"இதுக்கு நாங்க என்ன தரணும்?" என்று நரி கேட்டது.

"முற்றிலும் இலவசம்! ஈரக் கரையில் நெளிகிற புழுக்கள் மட்டும் எனக்கு."

புழுவை யார் கேட்டது? எல்லோருக்கும் சந்தோஷம்.

"பதிவெல்லாம் பத்திரமா இருக்குமா?" என்றாள் காத்தாயி.

"பத்திரம்!" என்றார் கொண்டலார். அதைச் சொல்லும்போது அவருடைய கொண்டை முழுசாக விரிந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது?

பிறகு நிபந்தனைகளை வாசித்தார். காலையில் ஆரம்பித்தார், வெயில் உச்சிக்கு வந்தும் முடியவில்லை. "சம்மதம் என்றால் தலையாட்டவும்" என்று கடைசியில் சொன்னார். விழித்திருந்தவர்கள் ஆட்டினார்கள். தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்களின் தலையும் ஆடியது. அதையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சாரைப்பாம்பு மட்டும் முன்னால் வந்தது. "எனக்குக் கால் இல்லையே, நான் எதைப் பதிக்க?"

கொண்டலார் ஒரு கணம் யோசித்தார். "கால் இல்லாதவர்களுக்கான ஏற்பாடு பரிசீலனையில் இருக்கிறது."

சாரை சரி என்றது. சித்திரை வந்ததும் வேலியின் பின்பக்கம் சந்து பார்த்து நுழைந்து, அது பாட்டுக்குக் குடித்துவிட்டுப் போயிற்று. அது அங்கேயே கதையை விட்டும் போய்விடுகிறது. எல்லோருக்கும் சாரை உடம்பு வாய்க்குமா என்ன?

காத்தாயியும் தன் வலது முன்னங்காலைப் பதித்தாள். அழகான தடம். பலகை வெயிலில் காய்ந்தது.

பங்குனியில் குளம் வற்றியது. காத்தாயி நிறைசூல். இருந்தாலும் இறங்கித் தோண்டினாள். இந்த வருடம் சரளை அதிகம். ஆறு நாள் பிடித்தது. நகம் மழுங்கி, உள்ளங்கால் தேய்ந்து வழவழ என்று ஆகிவிட்டது. ஊற்று சுரந்த மறுநாள் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. மெத்தென்ற முள்ளோடு, உள்ளங்கை அளவு பெண் குட்டி. காத்தாயி வளையிலேயே படுத்துப் பால் கொடுத்தாள்.

சித்திரை முதல் நாள். கொண்டலாரின் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. காலையிலேயே காத்தாயிக்கு நா வறண்டது. முள்ளம்பன்றி ராத்திரியில்தானே வெளியே வரும் என்று கேட்காதீர்கள். பால் கொடுக்கிறவளின் தாகத்துக்கு நேரம் காலம் கிடையாது. குட்டியை வளைக்குள் ஒதுக்கிவிட்டு, வரிசையில் வந்து நின்றாள். அவள் முறை வந்ததும் ஈரமண்ணில் காலை வைத்தாள். கறையான்கள் ஓடின. திரும்ப ஓடின. மூன்றாம் தடவையும் ஓடின.

"பொருந்தவில்லை!" என்றான் தத்தன்.

காத்தாயி சிரித்தாள். "டேய் தத்தா, நான்டா. காத்தாயி."

"பொருந்தவில்லை!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காட்டில் முள்ளம்பன்றி ஒன்றே ஒன்றுதான். முதுகெல்லாம் முழ நீள முள். அரைக் காதம் தள்ளி நின்று பார்த்தாலும் அது யார் என்று தெரியும்.

கரையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த கொண்டலார் நடந்து வந்தார்.

"என்ன பிரச்சினை?"

"என்னைய நான் இல்லைங்கறான் இவன். என் முதுகைப் பாருங்க ஐயா!"

"பார்க்கிறேன் அம்மா. ஆனால் முதுகு எங்கள் பதிவில் இல்லை."

"என் பேரையாவது கேளுங்க."

"பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்."

காத்தாயி கருமலையைப் பார்த்தாள். ஐந்து வருடமாக அவள் ஊற்றுக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே நின்று மண் தள்ளிக் கொடுத்தவன் அவன்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

கருமலை தரையைப் பார்த்தான். "எனக்குத் தெரியும் தாயி. எனக்குத் தெரிஞ்சு என்ன? தத்தன் சொன்னா விடலாம், சொல்லாட்டி விடக்கூடாதுன்னு உத்தரவு. உன்னை விட்டா, 'மச்சானை விட்ட மாதிரி இவளையும் விட்டான்'னு பேசுவாங்க."

பின்னால் நின்ற நரி கனைத்தது. அது அப்படித்தான் பேசியிருக்கும்.

கொண்டலார் கனிவாகத்தான் பேசினார். அவரைப் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. "கவலைப்படாதீர்கள். பதிவைப் புதுப்பித்துவிட்டால் போதும். கரட்டு உச்சியில் என் அலுவலகம். ஒரு நடை போய் வாருங்கள்."

கரடு என்கிற அந்தக் கல்குன்று அங்கிருந்து அரை நாள் நடை. பாதையெல்லாம் சரளைக் கல். காத்தாயி நடந்தாள். உச்சியில் பட்ட மரப் பொந்துதான் அலுவலகம். அங்கே இருந்த கறையான்கள் புதுப் பலகையில் அவள் காலைப் பதித்துக்கொண்டன.

"இது காய மூணு நாள் ஆகும். அன்னைக்கு வந்து நீங்களே வாங்கிட்டுப் போகணும்" என்றன.

காத்தாயி இறங்கினாள். மூன்றாம் நாள் ஏறினாள். பலகையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். இடையில் அவளுக்குத் தண்ணீர் என்றால் கிழங்கில் இருந்த ஈரம்தான். அந்தக் கிழங்கும் வெயிலுக்குச் சுருங்கிச் சக்கையாகக் கிடந்தது.

பலகையைக் கொடுத்துவிட்டு ஈரமண்ணில் காலை வைத்தாள்.

"பொருந்தவில்லை!"

எப்படிப் பொருந்தும்? பதித்த பிறகு அரை நாள் இறங்கி, அரை நாள் ஏறி, மறுபடி அரை நாள் இறங்கி வந்திருக்கிறாள். அந்த நடையில் கால் இன்னும் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. 'நடையாய் நடந்து கால் தேய்ந்துபோச்சு' என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறோம். காத்தாயிக்கு அது நிஜமாகவே நடந்தது.

"நீங்கள் நடக்காமல் வந்திருக்க வேண்டும்" என்றார் கொண்டலார்.

"நடக்காம எப்படிங்க வர்றது?"

"அதற்கான ஏற்பாடும் பரிசீலனையில் இருக்கிறது. புதியது பொருந்துகிற வரை பழைய பதிவுதான் செல்லும். இப்போதைக்கு, இன்னொரு முறை புதுப்பித்துவிடுங்களேன்."

காத்தாயிக்கு அழுகை வந்தது. அழுதால் இருக்கிற ஈரமும் போய்விடும் என்று அடக்கிக்கொண்டாள்.

வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. "நான் தோண்டின ஊத்துக்கு நானே கன்னம் வெச்சுத் திருடவா?" என்று நினைத்து விட்டுவிட்டாள். வளைக்குப் பக்கத்தில் புதிதாகத் தோண்டிப் பார்த்தாள். இரண்டு முழத்தில் பாறை தட்டியது. கால்தான் இன்னும் தேய்ந்தது.

அன்று சாயங்காலம் குட்டி முட்டி முட்டிப் பார்த்தது. பால் இல்லை. முதலில் கத்தியது. பிறகு கத்தாமல் படுத்துவிட்டது. கத்துகிற வரைக்கும் காத்தாயி பொறுத்துக்கொண்டாள். குட்டி சும்மா படுத்ததும் அதை மூக்கால் தட்டித் தட்டி எழுப்பிப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் வளை வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பார்த்தால், தாண்டவன் என்ற குரங்கு. ஊரே வற்றிப்போய்க் கிடக்க, தாண்டவன் மட்டும் தளதளவென்று இருந்தான். வயிறு பானையாட்டம் இருந்தது. நடந்தால் உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா, உன்னை நீ இல்லைன்னுட்டாங்களாமே?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாம போயிடு."

தாண்டவன் போகவில்லை. பின்னால் மறைத்து வைத்திருந்ததை எடுத்து முன்னால் வைத்தான். மஞ்சளாக, கட்டியாக ஒரு பொருள். காத்தாயி உற்றுப் பார்த்தாள். அது ஒரு கால். தேன்மெழுகில் செய்த முள்ளம்பன்றிக் கால்.

"யார் கால் இது?"

"உன் கால்தான்க்கா. மாசியில பதிவெல்லாம் வெயில்ல காய வெச்சாங்க இல்ல? காவலுக்கு ஒரு ஈ காக்கா இல்லை. நான் ஒவ்வொண்ணுலயும் மெழுகை அமுக்கி எடுத்துக்கிட்டேன். மான் கால் இருக்கு, நரி கால் இருக்கு, மச்சான் கால்கூட இருக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு பேரா போய்க் குடிக்கிறேன்."

"கருமலை அண்ணன் பார்க்கலையா?"

"பார்க்கிறாரு. தத்தன் 'மான், பொருந்துகிறது!'ங்கறான். அவரு என்னைப் பார்க்கிறாரு, தத்தனைப் பார்க்கிறாரு, வழி விடறாரு. பாவம், அவருக்குத் தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சு."

தாண்டவன் மெழுகுக் காலை அவள் பக்கம் தள்ளினான். "தினம் ஒரு கிழங்கு குடு, போதும். இதை வெச்சா நீ காத்தாயி. வைக்காட்டி நீ யாரோ."

காத்தாயி வளைக்குள் திரும்பிப் பார்த்தாள். குட்டி கண்ணைத் திறக்கவில்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. கிழங்கைக் கொடுத்தாள், மெழுகுக் காலை எடுத்துக்கொண்டாள்.

வரிசையில் நின்றபோது மெழுகுக் காலை வயிற்றுக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் திருடியதே இல்லை. முறை வந்தது. தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மெழுகுக் காலை ஈரமண்ணில் அழுத்தினாள்.

"காத்தாயி, பொருந்துகிறது!" என்றான் தத்தன்.

"பார்த்தீர்களா? கவலைப்படாதீர்கள் என்று சொன்னேனே" என்றார் கொண்டலார்.

கருமலையின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நீதான்னு ஆயிடுச்சா தாயி? போ, வயிறார குடி" என்றான். அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அது காத்தாயிக்கு இன்னும் வலித்தது.

குடித்தாள். தண்ணீர் உள்ளே இறங்கும்போதே ஒன்று தெரிந்தது. ஊற்றில் மணல் சரிந்திருந்தது. தண்ணீர் ஒரு சாண்கூட இல்லை. பதினோரு பேர் தண்ணீரை ஒருவன் குடித்தால் அப்புறம் எங்கே இருக்கும்? இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். தூர் வாராவிட்டால் அதுவும் இல்லை.

திரும்பி வரும்போது வாசலில் ஒரு கிழட்டு ஆமை நின்றுகொண்டிருந்தது. "பொருந்தவில்லை!" என்று தத்தன் சொன்னதும் அது பேசாமல் திரும்பியது. கரட்டு உச்சிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரையோ கேட்டது. ஆமை அங்கே போய்ச் சேர ஐப்பசி ஆகிவிடும்.

குட்டிக்குப் பால் கிடைத்தது. குடித்துவிட்டுத் தூங்கியது. காத்தாயிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. 'என் காலோட போனப்ப நான் திருடி. திருட்டுக் காலோட போனப்ப நான் காத்தாயி. இது என்ன கூத்து? நாளைக்குக் கிழங்கு கிடைக்காட்டி? தாண்டவன் காலைத் தர மாட்டேன்னா? நான் யாருங்கறதை அந்தக் குரங்கு கையிலயா குடுக்கிறது?' என்று புரண்டு புரண்டு படுத்தாள். ஆமையின் முதுகும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை தத்தன் காடே கேட்கும்படி கத்தினான். கொண்டலார் அவனுக்கு அன்றைக்கென்று புதிதாக ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்திருந்தார்.

"ஊற்று தூர்ந்துவிட்டது! தூர் வாரக் காத்தாயி உடனே வரவும்!"

காத்தாயி மெழுகுக் காலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வேலி வாசலில் காடே கூடியிருந்தது. ஊற்றில் வெறும் சேறுதான் மின்னியது. ஆளாளுக்கு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

"வாங்க காத்தாயி, சீக்கிரம்!" என்றது நரி.

"வந்துட்டா, வந்துட்டா" என்றது முயல்.

"இருங்க" என்றாள் காத்தாயி. "நான் காத்தாயின்னு யார் சொன்னது? முதல்ல பார்த்துட வேண்டாமா?"

தன் தேய்ந்த காலை ஈரமண்ணில் வைத்தாள்.

"பொருந்தவில்லை!" என்றான் தத்தன்.

"கேட்டுக்கிட்டீங்களா? நான் இல்லையாம். சரி, உங்க காத்தாயியை நானே கூட்டிட்டு வந்திருக்கேன்."

மெழுகுக் காலை எடுத்து ஈரமண்ணில் அழுத்தினாள். அப்படியே அதை அங்கே நிற்க வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் கால் மட்டும் தனியாக நின்றது.

"காத்தாயி, பொருந்துகிறது!" என்றான் தத்தன். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

காத்தாயி மெழுகுக் காலைப் பார்த்துக் கும்பிட்டாள். "வா அம்மா காத்தாயி. எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. உள்ள இறங்கு. தூர் வாரு. தாகமா இருந்தா முதல்ல நீ குடிச்சுக்கோ. வளையில பச்சைக் குட்டி ஒண்ணு கிடக்குது, வந்து பாலும் குடுத்துடு."

மெழுகுக் கால் சும்மா நின்றது.

முயல்தான் முதலில் களுக்கென்று சிரித்தது. பிறகு மான் சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஊற்றில் தண்ணீர் இல்லை என்பது எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது.

கொண்டலார் தலையாட்டிக்கொண்டே வேகமாக நடந்து வந்தார். கொண்டை படக்கென்று விரிந்தது. "இது மோசடி! இது காத்தாயி இல்லை. வெறும் மெழுகு! அதோ உட்கார்ந்திருப்பதுதான் காத்தாயி!"

காத்தாயி நிதானமாகக் கேட்டாள். "எப்படித் தெரிஞ்சுதுங்க ஐயா?"

"எப்படியா? கண்ணால் பார்த்தால் தெரியவில்லையா?"

"கண்ணாலயா? கண்ணு இருந்தா ஓரவஞ்சனை வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கொண்டலாரின் கொண்டை மெல்ல மடங்கியது. வாயைத் திறந்தார். பரிசீலனை என்ற வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்தது. அதுவும் உள்ளே போய்விட்டது.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மெழுகுக் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து சாய்ந்தது. அதே நேரத்தில் மேலே மரக்கிளையிலிருந்து "ஐயோ, ஐயோ" என்று ஒரு சத்தம். தாண்டவன் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்த பத்துக் கால்களும் இளகி அவன் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. அவனும் கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் நிமிர்ந்து அந்தப் பானை வயிற்றைப் பார்த்தார்கள். தண்ணீர் எங்கே போயிற்று என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருமலை வாசலிலிருந்து விலகிக் காத்தாயியின் முன்னால் வந்து நின்றான். அவ்வளவு பெரிய உடம்பு குறுகிப்போயிருந்தது.

"தினம் இந்தக் குரங்கை மான்னு உள்ள விட்டேன். உன்னை யாரோன்னு வெளியே நிறுத்தினேன். ரெண்டும் எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. மச்சானுக்காக ஒரு பக்கம் பார்த்தேன், பேச்சுக்குப் பயந்து இன்னொரு பக்கம் பார்த்தேன். நேரா பார்க்கவே இல்லை. மன்னிச்சுக்க தாயி."

காத்தாயி உடனே மன்னிக்கவில்லை. அவளுக்கும் கோபம் உண்டு. "என் குட்டி நேத்து கண்ணைத் திறக்கலைண்ணே" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் எழுந்தாள். "சரி, மண் தள்ள வாங்க. நான் ஒத்தையா எவ்வளவு நேரம் வாருவேன்?"

அன்று கருமலை மட்டும் இல்லை, மான், நரி, மச்சான் எல்லோரும் மண் தள்ளினார்கள். வெயில் சாய்வதற்குள் ஊற்று சுரந்தது. முதல் வாய் காத்தாயிக்கு. இரண்டாவது வாய், போகிற வழியிலிருந்து திருப்பிக் கூட்டிவரப்பட்ட ஆமைக்கு. அது புறப்பட்ட இடத்திலிருந்து இருபது அடிதான் போயிருந்தது, அதனால் தேடுவது சிரமமாக இல்லை.

கறையான்களை யாரும் துரத்தவில்லை. அவை தம் வேலையைத்தானே செய்தன. இப்போதும் வாசலில் ஈரமண் இருக்கிறது, தத்தனும் இருக்கிறான். ஆனால் அவனுக்குக் கொண்டலாரே மூன்றாவதாக ஒன்று கற்றுக்கொடுத்திருக்கிறார்: "பொருந்தவில்லை, கருமலை வந்து முகம் பார்க்கவும்!" கருமலை வந்து முகம் பார்த்து, பேர் கேட்டு, உள்ளே விடுகிறான். மச்சான் வந்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கறையானைக் கேட்கச் சொல்லிவிடுகிறான்.

காத்தாயியின் கால் இன்றுவரை பொருந்தவில்லை. அது பொருந்துகிற வருடம் அவள் ஊற்றுத் தோண்டவில்லை என்று அர்த்தம். வரிசையில் அவள் முறை வரும்போது தத்தன் கத்துவதற்குள் பின்னால் நிற்பவர்களே "காத்தாயிதான், விடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் குட்டி இப்போது அவளோடு சேர்ந்தே வருகிறது.

அடையாளம் பொருந்தவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த அடையாளத்தைத்தான், எதிரே தாகத்தோடு நிற்கிறவரை அல்ல.